பத்தாவது பெயர்

ஒரு பள்ளிக்கூடத்தின் வரலாற்றை எழுத அதே பள்ளியில் வேலை பார்த்தவனைக் கூப்பிடக் கூடாது. திருடன் கையிலேயே சாவியைக் கொடுப்பது போலத்தான் அது. யோன்ஹா மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். எந்த மன்னன் எந்த வருடம் என்ன தப்பு செய்தான் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைத்தேன். என்னுடைய தப்பு ஒன்று அதே பள்ளியின் வாசலில் துணியில் எழுதித் தொங்கியது. ஊரே அதை அண்ணாந்து பார்த்துக் கைதட்டியது.

போன வருடம் இலையுதிர் காலத்தில் பழைய மாணவர் சங்கத் தலைவன் யாங் தொக்சு என் வீட்டுக்கு வந்தான். ஊர் எல்லையில் பெட்ரோல் பங்க் வைத்திருப்பவன். ஐம்பத்தேழு வயதாகிறது, இன்னும் என் முன்னால் உட்காரச் சொன்னால்தான் உட்காருவான். பள்ளியை மூடப்போகிற விஷயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆயிரத்து இருநூறு பேர் படித்த இடத்தில் இப்போது முப்பத்தொரு பேர். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகிவிட்டது. பிப்ரவரியில் கடைசிப் பட்டமளிப்பு, அதன் பிறகு பக்கத்து மாவட்டத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். அதற்குள் எழுபது வருட வரலாறு புத்தகமாக வர வேண்டும், வாசலில் ஒரு கருங்கல்லும் நட வேண்டும் என்றான் தொக்சு. கல் அவன் பொறுப்பு, புத்தகம் என் பொறுப்பு.

"கட்டடத்த நாளைக்கே இடிச்சாலும் கல்லு நிக்கும் சார். அதுல ஆரம்பிச்ச வருசம், மூடுன வருசம், நடுவுல பெரிய எழுத்துல 'பத்து'. வேற எதுவும் வேணாம். பாக்குறவனுக்குப் புரியும்" என்றான்.

யோன்ஹாவில் பத்து என்றால் விளக்கம் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சியோலில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்குள் பிள்ளை நுழைந்துவிட்டால் எங்கள் நாட்டில் அம்மா அப்பாவுக்கு அதற்குமேல் சாமியிடம் கேட்க ஒன்றுமில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு ஜனவரியில், ஆடு மேயும், மிளகாய் விளையும் இந்தச் சின்ன ஊரின் பள்ளியிலிருந்து ஒரே வருடத்தில் பத்துப் பேர் அதற்குள் நுழைந்தார்கள். அடுத்த வருடமே பக்கத்து மூன்று மாவட்டத்துக்காரர்கள் மகனுக்கு யோன்ஹாவில் முகவரி மாற்ற வரிசையில் நின்றார்கள். வீட்டுக்கு வீடு மாணவர்களைச் சாப்பாட்டோடு தங்கவைத்தார்கள். பதினைந்து வருடம் இந்த ஊர் அந்த எண்ணை வைத்தே சோறு தின்றது. ஆனால் அந்த ஜனவரிக்குப் பிறகு எண்ணிக்கை ஒருபோதும் ஐந்தைத் தாண்டவில்லை. அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

முதல் அத்தியாயங்களைச் சிரமம் இல்லாமல் எழுதினேன். போர் முடிந்த கையோடு ராணுவக் கூடாரத்தில் ஆரம்பித்த பள்ளி இது. வீட்டுக்கு ஒரு ஆள் ஆற்றிலிருந்து கல் சுமந்து வந்து அஸ்திவாரம் போட்டார்கள். அறுபதுகளில் வந்த வெள்ளம், எழுபதுகளில் கட்டிய செங்கல் கட்டடம், வாசலில் இரண்டு பக்கமும் நட்ட ஜின்கோ மரங்கள், எல்லாம் தானாக வந்து பேனாவில் விழுந்தன. எண்பத்தேழு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. மூன்றாம் ஆண்டு, அதாவது பள்ளியின் கடைசி வகுப்பு, இரண்டாம் பிரிவுக்கு வகுப்பாசிரியன். டிசம்பரில் நுழைவுத் தேர்வு மதிப்பெண் வந்தாயிற்று. ஜனவரி முதல் வாரத்துக்குள் எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை என்று விண்ணப்பம் போட வேண்டும். அந்தக் காலத்தில் பிள்ளை தானாக விண்ணப்பிக்க முடியாது. வகுப்பாசிரியர் படிவத்தை நிரப்பித் தன் பெயர் முத்திரையைக் குத்த வேண்டும். அந்த மர முத்திரையின் சிவப்பு விழாமல் அலுவலகத்தில் பள்ளி முத்திரையைத் தொடமாட்டார்கள். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு மரத்துண்டு, என் மேஜை இழுப்பறையில் கிடந்தது. ஒரு பிள்ளையின் மிச்ச வாழ்க்கை அதற்குள் இருந்தது என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

தலைமையாசிரியர் குக் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். உறுதியாக ஒன்பது பேர். நிலக்கரி அடுப்பின் பக்கத்தில் கையை நீட்டிக் குளிர்காய்ந்துகொண்டே என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"ப்யோ, ஒன்பதுன்னா 'பத்துகூட இல்ல'ம்பான். பத்துன்னா 'பத்துக்கு மேல'ம்பான். ஒரே ஒரு ஆளுய்யா. உன் கிளாஸ்லதான் இருக்கான். மார்ச்ல மூணாம் வருசத்துக்குப் பொறுப்பாசிரியர் யாருன்னு நான் இன்னும் முடிவு பண்ணல, பாத்துக்க."

அந்த ஒரு ஆள் கில் ஜோங்மின். பஸ் நிலையத்தில் பன்றிக்குடல் சூப் கடை வைத்திருந்த விதவையின் ஒரே மகன். எப்போதும் சிரித்தபடி இருப்பான். சட்டையில் சூப் வாசனை அடிக்கும், பிள்ளைகள் அதைச் சொல்லிக் கேலி செய்தால் அவனும் சேர்ந்து சிரிப்பான். முந்நூற்று நாற்பதுக்கு இருநூற்று எழுபத்தொன்று வாங்கியிருந்தான். சியோலில் மருத்துவம், சட்டம் எதற்கும் அது போதாது. ஆனால் எந்தத் துறையானாலும் சரி என்று கீழே இறங்கிக்கொண்டே போனால் ஒரு துறை அகப்படும். வேளாண்மைக் கல்லூரியில் பட்டுப்புழுத் துறை. ஜப்பான்காரனுக்கு நூல் விற்ற காலமெல்லாம் முடிந்து, மல்பெரித் தோட்டங்களை வெட்டி வீசிக்கொண்டிருந்த நேரம் அது. அங்கே போக ஆள் இல்லை, அதனால் இடம் இருந்தது.

ஜோங்மின் என் முன்னால் வந்து நின்றபோது அவன் கையிலிருந்தது வேறு படிவம். மாகாணத் தலைநகரில் இருக்கும் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் கல்லூரி.

"எரநூத்தி எழுபத்தொண்ணு வாங்கிட்டு ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்களுக்கு மூக்கு துடைக்கவா போற?" என்றேன்.

"யாராவது துடைக்கணும்ல சார்" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான். "அங்க ஃபீஸ் கெடையாது சார். சனிக்கிழமை பஸ் ஏறுனா ஒரு மணி நேரம். அம்மாவுக்கு அண்டா எறக்க ஆள் வேணும். அதோட எனக்குச் சின்னப் புள்ளைங்களப் புடிக்கும் சார்."

முத்திரையை எடுக்கவில்லை. நாளைக்கு வா என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருந்தபோது அவனையும் கூட்டிக்கொண்டு அவனுடைய அம்மாவே வந்துவிட்டாள். கோட்டுக்கு அடியில் கடை ஏப்ரன் தெரிந்தது. கையில் துணி மூட்டை, அதில் அவித்த முட்டை. ஆசிரியர் அறை வாசலிலேயே குனிந்து வணங்கினாள். பையன் சொல்கிற கல்லூரிக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள், எனக்கு விவரம் தெரியாது, அவன் பக்கத்தில் இருந்தால் போதும் என்றாள்.

அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த மற்ற ஆசிரியர்கள் காதைத் தீட்டிக்கொண்டு செய்தித்தாளைப் பார்த்தார்கள். அவளுக்கு பார்லித் தேநீர் ஊற்றிக் கொடுத்து, மிகவும் மரியாதையாக அந்தப் பொய்யைச் சொன்னேன்.

"அம்மா, பட்டுப்புழுவோ மண்புழுவோ, உள்ள நுழையிறதுதான் கஷ்டம். நுழைஞ்சிட்டா ரெண்டாம் வருசம் வேற துறைக்கு மாத்திக்கலாம். அத நான் பாத்துக்கறேன். உங்க பையன் பேரு வாசல்ல தொங்கும், ஊரே பாக்கும்."

துறை மாற்ற முடியாது என்பது எனக்குத் தெரியும். பார்த்துக்கொள்ள அங்கே எனக்கு யாருமில்லை. அவள் கண் கலங்கி, சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றாள். ஜோங்மின் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவன் அதற்கு முன்னால் பார்த்திருக்கமாட்டான் என்று நினைக்கிறேன். பிறகு தன் படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். நான் இழுப்பறையைத் திறந்தேன்.

ஜனவரிக் கடைசியில் இரண்டு ஜின்கோ மரத்துக்கும் நடுவே துணி ஏறியது. வெள்ளைத் துணியில் சிவப்பும் நீலமுமாகப் பத்துப் பெயர். மேளதாளம்தான் இல்லை, மற்றபடி கல்யாண வீடு போல இருந்தது ஊர். மார்ச்சில் நான் மூன்றாம் ஆண்டுப் பொறுப்பாசிரியன் ஆனேன். துணியை இறக்கியபோது ஜோங்மினின் அம்மா வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அதைக் கடையின் உள்ளறைக்குத் திரைச்சீலையாகப் போட்டாள். சூப் குடிக்க வருகிறவன் நிமிர்ந்தால் பத்தாவது பெயர் கண்ணில் படும். நானும் அதன் கீழே உட்கார்ந்து எத்தனையோ முறை சூப் குடித்திருக்கிறேன். ஒரு முறைகூட அவள் என்னிடம் காசு வாங்கியதில்லை.

மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்பேன். படிக்கிறான் என்பாள். பிறகு ராணுவத்தில் என்றாள், பிறகு பெரிய கம்பெனியில் என்றாள். ஊர்ப்பக்கம் வரவே நேரம் இல்லையாம் என்பாள். நானும் கேட்டுவிட்டுச் சூப்பில் மிளகாய்த்தூளைக் கலக்குவேன். அதற்குமேல் எனக்குத் தெரிந்துகொள்ள விருப்பம் இல்லை, அதுதான் நிஜம். இருபது வருடத்துக்கு முன்னால் அவள் இறந்தாள். இறுதிச் சடங்கு வெளியூர் ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். கடை இருந்த இடத்தில் கைபேசிக் கடை வந்தது. அதுவும் போய் இப்போது பூட்டிக் கிடக்கிறது.

புத்தகத்துக்குப் பத்துப் பேரின் படமும் வேண்டும் என்றான் தொக்சு. ஒன்பது பேர் ஒரே வாரத்தில் கிடைத்தார்கள். நீதிபதி, பேராசிரியர், வங்கிக்காரர் என்று விரைப்பான படங்கள் வந்து குவிந்தன. பத்தாவது ஆள் மட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் அந்த அம்மாவுக்குக் குடல் சப்ளை செய்த கறிக்கடைக்காரரின் மகன் ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்தான். இஞ்சோன் துறைமுகம் பக்கம், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் சலவைக் கடை.

ஒரு பழச்சாறுப் பெட்டியை வாங்கிக்கொண்டு போனேன். சின்னக் கடைதான். கூரையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட சட்டைகள் தொங்கின. அவற்றுக்கு நடுவே தலை வழுக்கையான ஒருவன் நீராவி இஸ்திரியை அழுத்திக்கொண்டிருந்தான். அந்த முகத்தில் பழைய ஜோங்மினை நான் தேடிக்கொண்டிருக்கும்போதே இஸ்திரியை நிறுத்திவிட்டு, இடுப்பு வரை குனிந்து வணங்கினான்.

"நீங்க மாறவே இல்ல சார். அதே கோட்டு மாதிரி இருக்கு. குடுங்க, வந்ததுக்கு ஒரு தேய் தேச்சுத் தர்றேன்" என்றான்.

என் கோட்டைக் கழற்றி வாங்கி இஸ்திரி போட்டுக்கொண்டேதான் பேசினான். சேர்ந்த முதல் வாரமே அலுவலகத்துக்குப் போய், துறை மாற்றுவது எப்படி என்று கேட்டானாம்.

"மாத்திக்கலாம்னு எங்க சார் சொன்னாருன்னேன். அந்த ஆள் சிரிச்சாரு. கெட்ட சிரிப்பு இல்ல சார், பாவமா சிரிச்சாரு" என்றான்.

அந்தக் காலத்தில் கல்லூரி மாணவர்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கச் சட்டம் விடவில்லை. விடியற்காலையில் சந்தையில் முட்டைக்கோஸ் இறக்கிவிட்டு வந்து வகுப்பில் தூங்கினான். மூன்று பருவம் தாக்குப்பிடித்தான். பிறகு விலகி ராணுவத்துக்குப் போனான். திரும்பி வந்து ஒரு சாயப்பட்டறை, பிறகு ஒரு சலவை ஆலை, பிறகு இந்தக் கடை. மனைவியைச் சலவை ஆலையில்தான் பார்த்தானாம். இதையெல்லாம் யாரோ ஒருவரின் கதை போல, நடுநடுவே காலரை நீவிக்கொண்டே சொன்னான்.

"எல்லாத் துணியும் எடுப்பேன் சார். பட்டு வந்தா மட்டும் பக்கத்துக் கடைக்கு அனுப்பிடுவேன்" என்று சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை.

அப்போது ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று அப்பாவின் சட்டையை வாங்க வந்தது. சட்டையோடு போகாமல் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அவனிடம் காட்டியது. சொல்வதை எழுதுதல். பத்துக்கு எட்டு. அவன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இஸ்திரி மேஜையிலேயே நோட்டை விரித்தான். தப்பான இரண்டு வார்த்தையையும் அந்தக் குழந்தையின் கையைப் பிடித்து எழுதவைத்தான். பிறகு தன் கைத்துணியால் அதன் மூக்கைத் துடைத்து அனுப்பினான். அவனுக்கு அது நினைவிருந்ததா தெரியாது. எனக்கு இருந்தது. நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

ஏன் ஊருக்கு வரவே இல்லை என்று கேட்டேன். படிப்பை விட்டது குற்றமா, எத்தனையோ பேர் விட்டிருக்கிறார்கள் என்றேன். இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன வாய் இருந்தது என்று இப்போது வெட்கமாக இருக்கிறது.

அவன் இஸ்திரியை நிமிர்த்தி வைத்தான். "வாசல்ல பேரு தொங்குனவன் எப்படி சார் ஊருக்குள்ள பஸ்ஸவிட்டு எறங்குவான்? அறுவடைத் திருநாளுக்கு வந்தா ஒரு ஸ்டாப் முன்னாடியே எறங்கி ஆத்தங்கரை வழியா நடந்து போவேன். அம்மா பின்கதவத் தெறந்து வச்சிருக்கும். அதுக்குத் தெரியும்னு நெனைக்கிறேன். ஒரு நாளும் கேட்டதில்ல. செத்தப்புறம் அம்மாவோட துணிப் பெட்டியத் தெறந்தா அந்த வாசல் துணி மடிச்சு இருந்துச்சு."

"எரிச்சிட்டியா?"

"இல்ல சார். தொவச்சு இஸ்திரி போட்டு வச்சிருக்கேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். எழுபத்திரண்டு வயதில் ஒரு சலவைக் கடையில் கோட்டு இல்லாமல் நின்று, என் மாணவனுக்கு முன்னால் தலை குனிந்தேன். அவன் பதறிப்போய் என் தோளைப் பிடித்து நிமிர்த்தினான். உங்களை மட்டும் சொல்லி என்ன சார், அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு நானும்தான் வாயை மூடிக்கொண்டேன் என்றான். படம் மட்டும் வேண்டாம் என்றான். பிறகு கோட்டை எனக்குப் போட்டுவிட்டுக்கொண்டே ஒன்று கேட்டான். முப்பத்தெட்டு வருடத்தில் என்னிடம் அவன் கேட்ட இரண்டாவது உதவி அது.

"என் பேர எடுத்துருங்க சார். ஒன்பதுன்னே போடுங்க. அந்த வருசத்துக்கு நேரா ஒன்பதுன்னு அச்சுல ஒரு தடவ பாத்தா எனக்குப் போதும்."

போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். இஞ்சோனிலிருந்து திரும்பும் பஸ்ஸில், இந்த முறை தப்பமாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அந்த அத்தியாயத்தை இரண்டே நாளில் எழுதி முடித்தேன். ஒன்பது பேர் என்று போட்டேன். பத்தாவது விண்ணப்பம் எப்படி எழுதப்பட்டது, யார் யாரிடம் என்ன பொய் சொன்னார்கள், முத்திரை யாருடையது, எல்லாவற்றையும் பெயரோடு எழுதினேன். ஜோங்மினின் பெயரை மட்டும் விட்டுவிட்டேன். தொக்சு சங்க அறையில் உட்கார்ந்து படித்தான். படிக்கப் படிக்க அவன் காது சிவந்துகொண்டே போனது.

"சார், பால் குடிக்கிற புள்ளைக்குக்கூடப் பத்துன்னு தெரியும். எல்லாரும் கடைசியா ஒரு தடவ பள்ளிக்கூடத்தப் பாக்க வர்றாங்க. அன்னைக்குப் போயி முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கணுமா?" என்றான்.

"மறைச்சது அப்ப. இப்ப நான் எடுத்து வெளிய வைக்கிறேன்" என்றேன்.

அவன் விடவில்லை. கெஞ்சினான், கோபித்துக்கொண்டான். அந்த வருடம் தேர்வு எழுதி எங்கேயும் இடம் கிடைக்காமல் போனவர்களில் அவனும் ஒருவன். அந்தப் பத்துப் பேரோடு ஒரே வருடம் படித்தேன் என்பதைச் சொல்லித்தான் பெண் கொடுத்தார்கள், வங்கியில் கடன் கொடுத்தார்கள் என்றான். அவன் பேச்சில் தப்பு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் ஒன்பது இல்லையென்றால் கைப்பிரதியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்றேன். நான் என் பள்ளிக்கூடத்துக்காகக் காட்டிய கடைசிப் பிடிவாதம் அதுதான். அவன் பெருமூச்சு விட்டு, கல் செதுக்குகிறவனிடம் நடு எழுத்தை மட்டும் நிறுத்திவைக்கச் சொல்வதாகச் சொன்னான்.

பத்து நாள் கழித்து வாயெல்லாம் பல்லாக வந்து நின்றான். கையில் ஒரு காகிதம். உலகம் முழுக்க இருக்கும் பழைய மாணவர்களுக்குச் சங்கம் அனுப்பியிருந்த படிவம் அது. கனடாவிலிருந்து பான் தேசொப் என்பவர் நிரப்பி அனுப்பியிருந்தார். எண்பத்தாறில் எங்கள் பள்ளியை முடித்தவர். அந்த வருடம் தேர்வில் தவறி, குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய், ஒரு வருடம் வீட்டிலிருந்து மறுபடி எழுதியிருக்கிறார். எண்பத்தேழில் சியோலில் அதே பல்கலைக்கழகம், இயந்திரவியல் துறை. ஊரை விட்டுப் போன குடும்பம், பள்ளிக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"பாருங்க சார், பேரும் போயிருச்சு, நம்பரும் நிக்குது. ஒங்க வாக்கும் கெடல, என் கல்லும் கெடல" என்றான் தொக்சு.

நான் நேராகப் பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். பெட்டிகளில் கட்டிவைத்திருந்த பழைய பதிவேடுகளை அவிழ்க்கச் சொன்னேன். வெளியே போகும் மதிப்பெண் சான்றுகளை எழுதிவைக்கும் பதிவேடு, ஜனவரி எண்பத்தேழு. எழுத்தரின் சாய்ந்த கையெழுத்தில் இருந்தது: பான் தேசொப், பழைய மாணவர், விண்ணப்பத்துக்காக. அதற்கு இரண்டு வரி கீழே கில் ஜோங்மின். அந்த வரிக்கு நேரே என் கையெழுத்து, நானே போய்ப் போட்டது. அன்றைக்கு என் விரல் அந்தப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது.

எழுத்தரிடம் ஒரு வார்த்தை, யாரப்பா இது பழைய மாணவர், என்ன மதிப்பெண், எங்கே விண்ணப்பிக்கிறான் என்று கேட்டிருந்தால் போதும். பான் தேசொப்பையும் சேர்த்தால் பத்து வந்துவிடும் என்று தலைமையாசிரியரிடம் சொல்லியிருப்பேன். ஜோங்மினின் படிவத்தில் அவன் கேட்ட இடத்திலேயே முத்திரை குத்தியிருப்பேன். துணியில் பத்துப் பெயர் தொங்கியிருக்கும், எனக்கும் பதவி கிடைத்திருக்கும், அவன் சனிக்கிழமை பஸ்ஸில் வந்து அண்டா இறக்கியிருப்பான். அந்தப் பிள்ளையின் வாழ்க்கையைக் கொடுத்து இந்தப் பள்ளிக்கு ஒரு பெயர் வாங்கினோம் என்றுதான் முப்பத்தெட்டு வருடமாக என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவன் இல்லாமலே பத்து இருந்திருக்கிறது. சும்மாவே கொடுத்திருக்கிறோம். அந்த அலுவலகத்தில் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்து அழுதேன். எழுத்தர் நாற்காலியில் இருந்த இளம்பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அதற்குப் பிறகு தொக்சுவோடு மல்லுக்கட்ட என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. அதுவரை உண்மை என் பக்கம் இருந்தது. இப்போது அதுவும் அவன் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. சரியாகச் சொன்னால் அந்த வருடம் பதினொன்று, ஆனால் ஒருவன் தன்னை எடுத்துவிடச் சொல்லிவிட்டான். அவன் பெயரே இல்லாதபோது அந்த விண்ணப்பக் கதை எதற்கு சார் என்று கேட்டு, நான் எழுதிய நான்கு பக்கத்தையும் தொக்சு எடுத்துவிட்டான். நான் தடுக்கவில்லை. அந்தப் புத்தகத்தில் இப்போது என் தப்பு இல்லை. ஜோங்மினும் இல்லை. எண்பத்தேழுக்கு நேரே பத்து என்று இருக்கிறது.

பிப்ரவரியில் கடைசிப் பட்டமளிப்பு நடந்தது. பன்னிரண்டு பேர் சான்றிதழ் வாங்கினார்கள், முந்நூறு பேர் வேடிக்கை பார்த்தோம். பள்ளிப் பாட்டை கிழவர்கள் எல்லாரும் தொண்டை கட்டக் கட்டப் பாடினார்கள். பிறகு தொக்சு வாசலில் கல்லின் மேலிருந்த வெள்ளைத் துணியை இழுத்தான். கருங்கல், என் உயரம். ஆரம்பித்த வருடம், மூடிய வருடம், நடுவில் பெரிய எழுத்தில் பத்து. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மறுநாள் மதியம் ஜோங்மினுக்கு நானே போன் செய்தேன். பின்னால் இஸ்திரியின் சத்தம் கேட்டது. உன் பெயரை எடுத்தாயிற்று, புத்தகம் வந்துவிட்டது என்றேன்.

"எத்தனைன்னு போட்டுருக்கீங்க சார்?"

புத்தகம் என் மடியில் விரிந்துதான் இருந்தது. பான் தேசொப்பின் கதையை நான் அவனிடம் எப்படிச் சொல்வேன்? நீ போயிருக்கவே வேண்டாமடா என்று எந்த வாயால் சொல்வேன்?

"ஒன்பதுப்பா" என்றேன்.

இஸ்திரியின் சத்தம் நின்றது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தான்.

"அப்ப நான் ஊருக்கு வரலாம் சார். பஸ் ஸ்டாண்டுலயே எறங்கி, அம்மா கடை இருந்த எடத்தப் பாத்துட்டு, அப்புறம் ஸ்கூல் வாசல் வரைக்கும் நடந்து பாக்கணும். ஏப்ரல்ல கடைய ஒரு நாள் மூடிட்டு வர்றேன். நீங்களும் கூட வருவீங்கல்ல?"

வருகிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல?

நேற்று தொக்சுவின் பெட்ரோல் பங்குக்குப் போய், அந்தக் கல்லை ஏப்ரல் மாதம் மட்டும் ஏதாவது போட்டு மூடிவைக்க முடியுமா என்று கேட்டேன். கல்லை எதுக்கு சார் மூடணும், மழைக்கும் வெயிலுக்கும் நிற்கத்தானே அது கல்லு என்று சிரித்தான்.